சிவப்புப் பேனையும் 'லி'யில் முடியும் சொற்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். ஆங்கிலம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

போன தவணை தரம் 9 பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். தலைப்பு, 'நான் மறக்காத ஒரு நாள்'. ஒரு பிள்ளை தன் வாப்பா கட்டாருக்குப் போன நாளைப் பற்றி எழுதியிருந்தாள். எல்லாமே சின்னச் சின்ன வசனங்கள். வேன் வந்தது. வாப்பா பேக்கைத் தூக்கினார். உம்மா அழுதா. நான் அழவில்லை. தம்பி வேனுக்குப் பின்னால் ஓடினான். பிறகு வீட்டுக்குள் போய் வாப்பாவின் செருப்பைப் பார்த்தோம். அவ்வளவுதான்.

நாங்கள் அதன் கீழே சிவப்புப் பேனையால், வினையடைகள் போதாது, இன்னும் சேர்க்கவும் என்று எழுதினோம். 20க்கு 12 போட்டோம்.

பிள்ளை சொல் கேட்கிற பிள்ளை. அடுத்த கிழமை திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். இப்போது வேன் 'ஸ்லோலி' வந்தது. வாப்பா பேக்கை 'சாட்லி' தூக்கினார். உம்மா 'பிட்டர்லி' அழுதா. தம்பி 'குவிக்லி' ஓடினான். செருப்பை 'சைலன்ட்லி' பார்த்தார்கள்.

இரண்டு கொப்பிப் பக்கங்களையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்த்தோம். முதல் எழுத்தில் அந்த வீட்டு வாசல் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவதை எந்தப் பிள்ளையும் எந்த வாப்பாவைப் பற்றியும் எழுதியிருக்கலாம். கெடுத்தது நாங்கள்தான்.

வினையடை கூடினால் ஆங்கிலம் அழகாகும் என்ற எண்ணம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே பகிர்கிறோம்.

முதலில் பெயர். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனிசியஸ் திராக்ஸ் என்பவரின் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கண நூல், சொற்களை 8 வகையாகப் பிரித்தது. அதில் ஒன்றுக்கு 'வினையின் மேல் வருவது' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். லத்தீன்காரர் அதை அப்படியே தங்கள் மொழிக்கு மாற்றி 'அட்வேர்பியும்' என்றார்கள். ஆங்கிலத்தின் 'அட்வேர்ப்' அங்கிருந்து வந்தது. நாங்கள் தமிழில் வினையடை என்கிறோம். கருத்து ஒன்றுதான். வேகமாக, மெதுவாக, நன்றாக என்று 'ஆக' சேர்த்துச் சொல்வதெல்லாம் இந்த வகை. மத்ரஸாவில் நஹ்வு ஓதியவர்களுக்கு 'ஹால்' ஞாபகம் வரும். 'ஜாஅ ராகிபன்' என்றால் வாகனித்தவனாக வந்தான். வந்தான் என்பது செயல். எந்த நிலையில் வந்தான் என்பதைச் சொல்வது ஹால். ஆக, செயலோடு அதன் நிலையையும் சொல்ல வேண்டிய தேவை எல்லா மொழிக்கும் உண்டு. தேவையில்லாத ஒன்றை ஆங்கிலேயர் கண்டுபிடிக்கவில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் பெரும்பாலும் 'லி' என்று முடிகின்றன. அந்த வால் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பழைய ஆங்கிலத்தில் 'லிச்' என்றால் உடல். ஒன்றின் உடலை, அதாவது வடிவத்தைக் கொண்டது என்ற பொருளில் அதைச் சொல்லின் பின்னால் ஒட்டினார்கள். 'ஃப்ரெண்ட்லி' என்றால் நண்பனின் வடிவம் கொண்டது. அதன் முடிவில் ஓர் 'எ' ஒலியைச் சேர்த்தால் வினையடை. காலம் போகப்போக அந்தக் கடைசி ஒலி தேய்ந்து 'லி' மட்டும் மிஞ்சியது. இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களின் முற்றத்தில் கூரை போட்ட ஒரு வாசல் இருக்கும். ஜனாஸாவைக் கொண்டு வந்து பாதிரியாருக்காகக் காத்திருக்கும் இடம் அது. அதன் பெயர் 'லிச் கேட்'. அதிலும் இருப்பது இதே சொல்தான்.

இன்னொரு கூட்டம் வினையடைகள் 'லி' வாங்காமலே வாழ்ந்தன. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' போன்றவை. பழைய ஆங்கிலத்தில் இவற்றுக்கும் கடைசியில் ஓர் 'எ' இருந்தது. அது விழுந்ததும் பெயரடையும் வினையடையும் ஒரே உருவமாகிவிட்டன. 'ஸ்லோ' என்பதை ஷேக்ஸ்பியரும் வினையடையாகவே எழுதியிருக்கிறார். பிறகு 18ஆம் நூற்றாண்டில் இலக்கண ஆசிரியர்கள் வந்தார்கள். 1762இல் ரொபர்ட் லோத் என்ற மதகுரு ஓர் ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். பின்னாளில் லண்டன் பிஷப்பாக இருந்தவர். பெயரடையை அப்படியே வினையடையாக எழுதுவது பிழை என்பது அவருடைய கருத்து. அவரைப் பின்பற்றிய பாடநூல்கள் பள்ளிக்கூடங்களில் பரவின. 'லி' போட்டால்தான் படித்தவனின் ஆங்கிலம் என்ற எண்ணம் ஊன்றியது. வீதியில் 'கோ ஸ்லோ' என்ற பலகையைக் கண்டால் சிரிக்காதீர்கள். அது பழைய ஆங்கிலம், பிழையான ஆங்கிலமல்ல.

இனி, கூடிப்போன கதை.

'வெரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் 'உண்மையான' என்பது. ஒன்றை உண்மையாகவே நல்லது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொன்னதால் உண்மை போய் 'மிக' என்பது மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் போதாமல் 'ரியலி', 'ட்ரூலி' வந்தன. அவையும் உண்மை என்ற பொருளில் பிறந்தவைதான். 'ஓஃபுலி', 'டெரிப்லி' இரண்டும் அச்சம் தருவது என்ற பொருளில் இருந்தவை. இன்று தேநீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் அவை பயன்படுகின்றன. 'லிட்டரலி' என்றால் சொல்லுக்குச் சொல் அப்படியே என்று அர்த்தம். அப்படி நடக்காத ஒன்றுக்கும் அதைப் போடுவது இன்றைய பிள்ளைகளின் கெட்ட பழக்கம் என்கிறார்கள். 1769இல் அச்சான ஒரு நாவலிலேயே அந்தப் பழக்கம் இருக்கிறது.

ரூபாய்க்கு என்ன நடந்தது என்று 2022இல் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நோட்டு கூடக்கூட அதன் பெறுமதி குறைந்தது. வினையடைக்கும் அதேதான். 'வெரி' 10 தரம் வந்த கட்டுரையில் 11ஆவது 'வெரி'க்கு ஒரு சதமும் பெறுமதி இல்லை.

எங்கள் நாட்டுக்கு இந்தச் சொற்கள் வந்த வழி வேறு. அது கந்தோர் வழி. பிரித்தானியர் காலத்தில் கச்சேரிக்கு ஏதும் ஆக வேண்டுமானால் பெட்டிசம் எழுத வேண்டும். பெட்டிசத்தில் கேட்கிறவன் தாழ்ந்து நிற்க வேண்டும். அந்தத் தாழ்மையைச் சுமந்தவை வினையடைகள்தான். 'ஹம்ப்லி', 'ரெஸ்பெக்ட்ஃபுலி', 'கைன்ட்லி'. கடிதத்தின் முடிவில் 'ஃபெய்த்ஃபுலி' அல்லது 'சின்சியர்லி'. இன்றும் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டு வருகிற கடிதத்தில் காய்ச்சலுக்கு ஒரு சொல் இருக்கிறது, தாழ்மைக்கு நான்கு சொல் இருக்கிறது. நாங்களும் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அப்படித்தான் எழுதுகிறோம். கூட்டி எழுதினால் மரியாதை, குறைத்து எழுதினால் மரியாதைக்குறைவு என்று எங்கள் கைக்குப் பழகிவிட்டது. அந்தக் கைதான் சிவப்புப் பேனையைப் பிடிக்கிறது.

நாங்கள் சுதந்திரம் பெற்ற அதே 1948இல் இங்கிலாந்தில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. பெயர் 'ப்ளெய்ன் வேர்ட்ஸ்'. எழுதியவர் சேர் ஏர்னஸ்ட் கோவர்ஸ். அரச அலுவலர்களுக்கு ஆங்கிலம் எழுதச் சொல்லிக்கொடுப்பதற்காக, திறைசேரி கேட்டு எழுதிய நூல். பெயரடையையும் வினையடையையும் அழுத்தத்துக்காகச் சும்மா ஒட்டாதீர்கள் என்பது அவர் அதில் சொன்ன புத்திமதிகளில் ஒன்று. 'ரிலேடிவ்லி' என்று எழுதினால் எதோடு ஒப்பிட்டு என்று வாசகன் கேட்பான், ஒப்பிட எதுவும் இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. எங்களுக்குப் பெட்டிச ஆங்கிலத்தைத் தந்தவர்கள் தங்கள் வீட்டில் அதைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அமெரிக்காவில் இது இன்னும் முன்பே தொடங்கியது. 1917இல் ஏர்னஸ்ட் ஹெமிங்வே என்ற 18 வயது இளைஞன் 'கன்சாஸ் சிட்டி ஸ்டார்' பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தான். அந்தப் பத்திரிகை நிருபர்களுக்கு ஒரு விதித்தாள் கொடுக்கும். வசனம் சுருக்கமாக இருக்கட்டும், ஆடம்பரமான அடைச்சொற்களைத் தவிருங்கள் என்பது அதன் சாரம். எழுத்துப் பற்றித் தான் கற்ற மிக நல்ல விதிகள் அவைதான் என்று பின்னாளில் அவர் சொன்னார். 1954இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1918இல் கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் தன் மாணவர்களுக்காக ஒரு சிறு கையேட்டை அச்சிட்டார். தேவையில்லாத சொல்லை நீக்கு என்பதுதான் அதன் உயிர். அவரிடம் படித்த ஈ.பி. வைட் 1959இல் அதைப் புதுப்பித்து, பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் கொண்டு எழுதுங்கள் என்ற புத்திமதியையும் சேர்த்தார். 'சார்லட்ஸ் வெப்' என்ற சிறுவர் நாவலை எழுதிய அதே வைட்தான்.

அந்தக் காலத்துச் சிறுவர் கதைகளில் வினையடை பெருகியிருந்தது. 1910இல் தொடங்கிய டொம் சுவிஃப்ட் கதைவரிசையில் பாத்திரங்கள் சும்மா 'சொன்னான்' என்று சொல்வது குறைவு. சொல்வதோடு எப்படிச் சொன்னான் என்பதும் ஒட்டிக்கொண்டு வரும். 1960களில் இதைக் கேலி செய்யும் ஒரு சொல்விளையாட்டே அமெரிக்காவில் பரவியது. எங்கள் பாணியில் சொன்னால், 'கரண்ட் போய்விட்டது என்றான் அவன், இருண்ட குரலில்' என்பது போல. ஒரு பழக்கம் நகைச்சுவையாகிவிட்டால் அதன் காலம் முடிகிறது என்று அர்த்தம்.

2000இல் ஸ்டீபன் கிங் எழுதுவதைப் பற்றிய தன் நூலில் வினையடைகளைக் கடுமையாகத் தாக்கினார். 2001இல் எல்மோர் லெனார்ட் நியூயோர்க் டைம்ஸில் தன் 10 விதிகளை எழுதினார். 'சொன்னான்' என்பதோடு வினையடை சேர்க்காதே என்பது அதில் ஒன்று. கிங் சொன்ன காரணம்தான் எங்களை நிறுத்தியது. எழுதுகிறவன் பயப்படுகிறான், தான் சொன்னது வாசகனுக்கு விளங்காது என்ற பயத்தில்தான் வினையடையைப் பிடித்துக்கொள்கிறான் என்கிறார். தானும் அதைச் செய்வதுண்டு என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். அந்தப் பிள்ளைக்குப் பயம் இருக்கவில்லை. பயத்தைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் பேனை.

எண்ணிப் பார்த்தவரும் உண்டு. 2017இல் பென் பிளாட் என்பவர் புகழ்பெற்ற எழுத்தாளர்களின் நாவல்களைக் கணினியில் போட்டு 'லி'யில் முடியும் வினையடைகளை எண்ணினார். 10,000 சொற்களுக்கு ஹெமிங்வே 80, மார்க் ட்வைன் 81, ஜேன் ஒஸ்டின் 128, ஹரி பொட்டர் எழுதிய ஜே.கே. ரோலிங் 140. இதிலிருந்து இரண்டு பாடம் எடுக்கலாம். ஒன்று, கூடுதலாகப் பயன்படுத்திய ஒஸ்டினையும் உலகம் 200 வருடங்களாக வாசிக்கிறது. ஆகவே எண்ணிக்கையை வைத்து மட்டும் நல்ல எழுத்து, கெட்ட எழுத்து என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு, இவர்களில் கூடுதலான ரோலிங்கிடமும் 100 சொல்லுக்கு ஒன்றரைகூட இல்லை. எங்கள் பிள்ளை திருத்தி எழுதிய கட்டுரையில் ஏறத்தாழ 40 சொல்லில் 5. கணக்குப் பார்த்தால் 100க்கு 12ஐத் தாண்டுகிறது.

இந்த இடத்தில் எங்களுக்கு நெருக்கமான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். குர்ஆனில் 'இன்ன' என்ற இடைச்சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் 'நிச்சயமாக' என்கிறோம். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் என்ன செய்தார்கள்? 1930இல் மர்மடியூக் பிக்தால் பெரும்பாலும் 'லோ' என்ற பழைய விளிச்சொல்லைப் போட்டார். 1930களில் அப்துல்லாஹ் யூசுஃப் அலி பல இடங்களில் 'வெரிலி' என்றார். இதுவும் 'வெரி'யின் பிள்ளைதான். உண்மையாகவே என்று பொருள். 1997இல் வந்த ஸஹீஹ் இன்டர்நஷனல் பதிப்பு 'இன்டீட்' என்றது. 2004இல் வந்த அப்துல் ஹலீமின் மொழிபெயர்ப்பு பல இடங்களில் தனிச்சொல் போடாமலே கடந்து போகிறது. அரபில் 'இன்ன' வசனத்தின் அமைப்போடு சேர்ந்தது. அதைச் சும்மா ஒட்டிய அழுத்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனத்தையும் 'வெரிலி' என்று தொடங்கினால் இன்றைய வாசகனின் காதில் அது பழைய சத்தமாகிவிடுகிறது. அழுத்தம் வேண்டும், ஆனால் அழுத்துகிற சொல் தேய்ந்துபோயிருக்கிறது. மொழிபெயர்த்த ஒவ்வொருவரும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். வல்லவர்களுக்கே இது கஷ்டமென்றால் தரம் 9 பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

இதுவரை வாசித்துவிட்டு, சரி, இனி எல்லா வினையடையையும் வெட்டுவோம் என்று கிளம்பிவிட வேண்டாம். அது அடுத்த பிழை. ஆங்கிலத்தில் 'நொட்' வினையடை. 'நெவர்', 'ஒன்லி', 'ஹியர்', 'சூன்' எல்லாமே வினையடைகள். டொக்டர் தருகிற துண்டில் 'டுவைஸ் டெய்லி' என்று இருந்தால் அதுவும் வினையடைதான். அதை வெட்டிவிட்டு மருந்து குடிக்க முடியுமா? 'நான் அழவில்லை' என்று அந்தப் பிள்ளை எழுதினாளே, ஆங்கிலத்தில் அந்த வசனத்தின் உயிர் 'நொட்' என்ற வினையடையில்தான் இருக்கிறது. 2009இல் மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம், ஸ்ட்ரங்கும் வைட்டும் எழுதிய அந்தக் கையேட்டையே கடுமையாக விமர்சித்தார். விதி சொல்கிற அந்த நூல் தன் விதியைத் தானே மீறுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டுகளில் ஒன்று. 'ஹோப்ஃபுலி' என்று வசனத்தைத் தொடங்கக் கூடாது என்று பல வருடங்கள் சண்டை பிடித்தார்கள். 2012இல் ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு அதை ஏற்றுக்கொண்டது. மொழியில் தடைகள் வரும், போகும்.

இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தில் 2014இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் வசனத்தின் முன்னால் வினையடைத் தொடரைப் போட்டு எழுதப் பழக வேண்டும் என்கிறது. மைக்கல் ரோசன் போன்ற சிறுவர் எழுத்தாளர்கள் இப்படிப் பாடமாக்கியதை எதிர்த்துப் பேசினார்கள். எழுத்தாளன் குறை என்கிறான், பாடசாலை கூட்டு என்கிறது. காரணம் எங்களுக்கு விளங்குகிறது. பாடசாலைக்குப் புள்ளி போட எண்ணக்கூடிய ஒன்று வேண்டும். வினையடையை எண்ணலாம். வாசலில் கிடந்த வாப்பாவின் செருப்பை எப்படி எண்ணுவது?

எங்கள் பிள்ளைகள் வினையடையைக் கூட்டுவதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. வினைச்சொல் போதாது. 'வோக்' மட்டும் தெரிந்த பிள்ளை 'வோக் ஸ்லோலி' என்றுதான் எழுதும். களைத்துப்போய் இழுத்து இழுத்து நடப்பதற்கு 'ட்ரஜ்', ஆறுதலாக நடப்பதற்கு 'ஸ்ட்ரோல்' என்று சொற்கள் இருப்பது தெரிந்தால் 'ஸ்லோலி' தானாகவே விழும். நாங்கள் கொடுக்க வேண்டியது அந்த வினைச்சொற்களை. நாங்கள் கொடுத்ததோ 'லி'யில் முடிகிற 50 சொற்களின் பட்டியல்.

இப்போது வகுப்பில் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கிறோம். இந்த வினையடையை எடுத்தால் அர்த்தம் மாறுமா? மாறினால் இருக்கட்டும். வினைச்சொல்லே அதைச் சொல்லிவிட்டதா? 'விஸ்பர்' என்றால் மெதுவாகத்தான், பிறகு 'சொஃப்ட்லி' எதற்கு? வேறு வினைச்சொல் கிடைக்குமா? கிடைத்தால் அதைப் போடு. கிடைக்காவிட்டால் வினையடையையே வை, பயப்படாதே.

அந்தப் பிள்ளையின் முதல் கட்டுரையை மறுபடி வாங்கினோம். நாங்கள் எழுதிய சிவப்பு வரியை வெட்டி, 18 போட்டு, பக்கத்தில் கையொப்பமும் தேதியும் வைத்தோம். பிழை எங்களுடையது என்று வகுப்பிலும் சொன்னோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து வந்து, வாப்பாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப எது நல்லது, முதலாவதா இரண்டாவதா என்று கேட்டாள். முதலாவது என்றோம்.

உம்மாமாரே, வாப்பாமாரே, பிள்ளை ஆங்கிலத்தில் சின்ன வசனம் எழுதிக்கொண்டு வந்தால், இது என்ன இவ்வளவுதானா என்று கேட்டுவிடாதீர்கள். டியூசனில் நீளமாக எழுதுகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். எழுதியதை வாசித்துப் பாருங்கள். கண்ணுக்கு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் பிள்ளை எழுதப் பழகிவிட்டது.

எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்கள் திருத்திய கொப்பிகளில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எங்கள் கட்டில் இன்னும் 3 கொப்பிகள் இருந்தன.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.